ஆ பகுதிக்கு நான் எழுதிய பதில்

தேவகி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து இரண்டு நாளாக இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். டெல்லிக்குப் போன மூன்றாவது மாதத்தில், நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்கு முதன்முதலாக நீயே பதில் தயாரித்ததாகச் சொன்னாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷத்தைக் கேட்டு நாளாகிறது. வளைகுடா நாடுகளில் வேலை போய்த் திரும்பி வந்தவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பேர், அவர்களில் இங்கே வேலையில்லாமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது கேள்வி. "மத்த மாவட்டமெல்லாம் முன்னாடியே வந்துடுச்சுப்பா. நீலகிரிதான் கடைசி. ரெண்டுக்கும் 'இல்லை'ன்னு ஒரே வார்த்தை. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டேன். நம்ம ஊரு நல்ல ஊருப்பா, எனக்கு வேலையே வைக்கல" என்று சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. சிக்னல் போய்விட்டதென்று நினைத்து நீ "அப்பா, அப்பா" என்று இரண்டு முறை கூப்பிட்டாய். போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு நான் வாசலுக்கு வந்து நின்றேன்.

கீழே ரோட்டில் நின்ற மேட்டுப்பாளையம் லாரியில் சேகர் காரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். மாரிமுத்துப் பெரியப்பாவின் மகன் சேகர்தான். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று சித்திரையில் திரும்பி வந்தான். நீ டெல்லிக்குக் கிளம்பும் சமயத்தில் அவன் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததால் உனக்குத் தெரிந்திருக்காது. இப்போது லாரி வந்தால் மூட்டை தூக்குகிறான், வராத நாளில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான். நீ 'இல்லை' என்று எழுதி முடித்தவர்களில் ஒருவனை, உன்னோடு பேசி முடித்த அடுத்த நிமிஷம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தக் கடிதம் சேகரைப் பற்றி மட்டும் அல்ல. அவனை மட்டும் சொல்வதென்றால் போனிலேயே சொல்லியிருப்பேன்.

உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு கதையை நான் சொல்லி வந்திருக்கிறேன். இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து நம்மைப் பங்கு பிரித்துக் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த நாங்கள் அந்த ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலையில் அரசுத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். வேலை தருவதாகச் சொல்லி அழைத்து வந்துவிட்டு வேலை தரவில்லை. அதை நாடாளுமன்றத்தில் கேட்டபோது, வேலையில்லாதவர்களே இல்லை என்று டெல்லியில் பொய் சொன்னார்கள். இதுதான் கதை. இதைச் சொல்லும்போதெல்லாம் அமைச்சரைத் திட்டியிருக்கிறேன், அதிகாரிகளைத் திட்டியிருக்கிறேன், அச்சடித்த பதிலை ஒரு வாழ்த்து அட்டையோடு அனுப்பிக் கைகழுவிய எம்.பி.யைத் திட்டியிருக்கிறேன். "உங்கப்பா இதுவரைக்கும் யாரை மன்னிச்சிருக்காரு, தேயிலைச் செடியைத் தவிர?" என்று உன் அம்மா கேலி செய்வாள். அவள் சொல்வது சரி. சிலோன்காரன் என்று சொல்லி வகுப்பில் என்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்த வாத்தியாரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஊட்டியில் என்னோடு பி.ஏ. படித்து, என் நோட்டைப் பார்த்துத் தேறியவன் தாசில்தாராகி, எனக்கு எதிர்ப்பட்டபோது தெரியாதவனைப் போல ஜீப்புக்குள் குனிந்துகொண்டதும் மறக்கவில்லை. இத்தனை பேரின் குற்றங்களையும் தவறாமல் நினைவில் வைத்திருந்தவன், ஒரு ஆளை மட்டும் அந்தக் கதையிலிருந்து எடுத்துவிட்டான். அந்த ஆள் நான்.

நடந்தது இது. எனக்கு இருபத்து நான்கு வயது. தோட்டத்து ஆபீஸில் தற்காலிக கிளார்க்காகச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பணி நிரந்தரமாகும் உத்தரவுக்காகக் காத்திருந்தேன். அந்த மழைக்காலத்தில் தோட்டத்தில் வேலை குறைந்துபோனது. ஆள் அதிகம், நட்ட செடிகள் இன்னும் பருவத்துக்கு வரவில்லை. வாரத்தில் ஒரு நாள், சில வாரம் அதுவும் இல்லை. ஆனால் எல்லோருடைய பெயரும் செக்ரோலில் இருந்தது. வேலைக்கு வருகிறவர்களின் பெயரை எழுதி நாள்தோறும் குறியிடும் புத்தகம் அது. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. செக்ரோலில் பெயர் இருந்தால் அவன் வேலையில் இருக்கிறவன். அவனுக்கு மாதத்தில் நான்கு நாள் குறி விழுந்ததா, ஒரு நாள்கூட விழவில்லையா என்பதை எந்த மேலிடமும் கேட்டதில்லை. கேட்காததை நாங்களும் எழுதியதில்லை.

மாரிமுத்து அண்ணன் எங்களோடு ஒரே கப்பலில் வந்தவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி ஒழுங்குபடுத்துவதில் அவரைப்போல் ஒருவர் அந்தத் தோட்டத்தில் இல்லை. ஒருநாள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், என் வீட்டு வாசலில் வந்து நின்று, "தம்பி, ஒனக்கு இங்கிலீசு வரும். நம்ம எம்.பி. ஐயாவுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடு. நம்மளப் பத்தி அங்க யாராச்சும் கேக்கட்டும்" என்றார். நான் கடிதம் மட்டும் எழுதவில்லை. நூலகத்துச் செய்தித்தாளைப் பார்த்து, நாடாளுமன்றக் கேள்வி எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே (அ), (ஆ), (இ) என்று பிரித்துக் கேள்வியையே எழுதிக் கொடுத்தேன். (அ) ஒப்பந்தத்தின்படி இதுவரை வந்தவர்கள் எத்தனை பேர்? (ஆ) அவர்களில் நீலகிரித் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டு, வாரத்தில் ஒரு நாள் வேலைகூட இல்லாமல் இருப்பவர்கள் உண்டா, எனில் எத்தனை பேர்? (இ) அவர்களுக்கு அரசு என்ன செய்ய உத்தேசித்துள்ளது? என் பெயர் எங்கும் வரக்கூடாது என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அடியில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

ஒப்பந்தம் என்ற சொல் இருந்ததால் எம்.பி. அதை வெளியுறவு அமைச்சரிடம் கேட்டார். (அ) பகுதிக்கு மட்டும் பதில் வந்தது. மற்ற இரண்டும் தம் அமைச்சகத்தைச் சேர்ந்தவை அல்ல என்று அவர் சொல்லிவிட்டார். கடலில் இருக்கும் வரைதான் நாங்கள் வெளியுறவு. கரையில் கால் வைத்ததும் வேறு யாரோ ஒருவருடைய பொறுப்பு. நான் அதைப் படித்துச் சொன்னதும் மாரிமுத்து அண்ணன் ஒரு கணம் யோசித்தார். "அப்ப மறுபடி கடலுக்குள்ள எறங்கி நின்னுக்கிட்டுக் கேட்டாத்தான் அந்த ஐயா பதில் சொல்லுவாரோ?" என்றார். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கேள்வியைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன். எம்.பி. அடுத்த கூட்டத்தொடரில் சரியான அமைச்சரிடம் கேட்டார்.

ஒரு கேள்விக்கு டெல்லியில் யாரும் உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதுவதில்லை என்பது உனக்கு இப்போது தெரியும். எனக்கு அன்று தெரியாது. கேள்வி டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து ஊட்டிக்கு வந்து, ஊட்டியிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், 'மிக அவசரம்' என்ற சிவப்புச் சீட்டோடு என் மேஜைக்கு வந்தது. உறையைப் பிரித்தேன். என் வாக்கியம். 'வாரத்தில் ஒரு நாள் வேலைகூட' என்று நான் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருந்தேனோ, அதே சொற்கள், அதே இடத்தில் காற்புள்ளி. நாடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கேட்டவனிடமே வந்து பதில் கேட்டது.

இந்த இடத்தில் நான் எப்போதும் எங்கள் ஆபீஸ் கண்காணிப்பாளரைக் கொண்டுவந்து நிறுத்த ஆசைப்பட்டிருக்கிறேன், தேவகி. அவர் மிரட்டினார், அதனால் எழுதினேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதர் மிரட்டவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஒரு கல்யாணத்துக்காகக் கீழே போகும் அவசரத்தில் இருந்தார். சீட்டைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, நாளைக்குக் காத்தால இது ஊட்டி போயாகோணும். நானு இப்பவே கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுப் போறனுங்க. செக்ரோலைப் பார்த்து நீங்களே எழுதிப்போடுங்க. உங்க கையெழுத்துத்தான் அழகா இருக்குமே" என்றார். அவ்வளவுதான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டு என்னை நம்பி விட்டுவிட்டுப் போனார். ஆபீஸில் நானும் செக்ரோலும் மட்டும் இருந்தோம்.

புத்தகத்தைப் பிரித்தேன். யார் யாருக்கு அந்த மாதத்தில் குறியே விழவில்லை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பட்டியல் போட்டிருக்கலாம். போட்டிருந்தால், இந்தத் தோட்டம் மட்டும் ஏன் இப்படி எழுதியது, எழுதிய கிளார்க் யார் என்று விசாரணை வரும். கேள்வியின் ஆங்கிலத்தையும் பதிலின் ஆங்கிலத்தையும் ஒருவன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நிரந்தர உத்தரவு வராது. இதையெல்லாம் நான் யோசித்தேன். நிதானமாகவே யோசித்தேன். பிறகு செக்ரோலில் பெயர் இருக்கிறவன் வேலையில் இருக்கிறவன் என்ற வழக்கத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். (ஆ) இல்லை. (இ) கேள்வி எழவில்லை. அழகான கையெழுத்தில் எழுதினேன். மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உறையை ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து மாரிமுத்து அண்ணன் அச்சடித்த தாள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "படி தம்பி" என்றார். படித்தேன். "என்னா இல்லையாம்?" என்று கேட்டார். "வேலை இல்லாதவங்க இல்லையாம்ணே." "அப்ப நான் யாரு?" என்றார். அந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் உடனே, "டெல்லிக்காரன் பொய் சொல்றான்ணே" என்றேன். முதல் தப்பையாவது பயத்தில் செய்தேன். இதை எதற்காகச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பினார், அன்றிலிருந்து அதுவே கதையாகிவிட்டது.

அந்தத் தாள் அவரை விடவில்லை. எந்த ஆபீஸுக்கு மனு எடுத்துப்போனாலும், "பார்லிமெண்ட்லயே பதில் சொல்லியாச்சே, அப்புறம் எதுக்கு வர்றீங்க?" என்று திருப்பி அனுப்பினார்கள். லயத்தில் அவருக்குப் 'பார்லிமெண்டு' என்று பட்டப்பெயர் விழுந்தது. "என்னா பார்லிமெண்டு, இன்னைக்கி வேல உண்டா, இல்ல உத்தேசமா?" என்று கேட்பார்கள். அந்த வருடம் மார்கழியில் ஒரு காண்டிராக்டரோடு சீகை மரப் பட்டை உரிக்க வேறொரு மலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். அவர், அவர் மனைவி, ஆறு வயதுச் செல்வி, கைக்குழந்தை சேகர். காட்டுக்குள் குடிசை. ரோட்டுக்கு வரவே பாதி நாள் நடக்க வேண்டும். செல்விக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு நடந்தாராம். ரோட்டை அடைந்தபோது தோளில் கனம் மட்டும் இருந்தது என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். நான்கு பேராகப் போனவர்கள் மூன்று பேராகத் திரும்பி வந்தார்கள். நான் அப்போது நிரந்தரமாகியிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவருடைய பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் வீட்டுக்கு மாதம் தவறாமல் போய் உட்கார்ந்தேன். நல்ல நண்பன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

உனக்குப் பன்னிரண்டு வயதில், அவர் வீட்டு இரும்புப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த அந்தத் தாளை நீ எழுத்துக் கூட்டிப் படித்தாய். "இதுக்கு யாரு பெரியப்பா பதில் எழுதினது?" என்று கேட்டாய். "டெல்லியில பெரிய படிப்பு படிச்சவங்க எழுதுவாங்க. நீ நல்லாப் படிச்சு அங்க போயி ஒழுங்கா எழுது" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். நீ அதை மறக்கவில்லை. பரீட்சை எழுதினாய், போனாய். பஸ் ஏறும்போது அவர் காலைத்தான் முதலில் தொட்டாய். என் காலைப் பிறகு தொட்டாய். வயது முறைப்படி அதுதான் சரி. ஆனால் எனக்கு அன்று வேறு காரணத்துக்காகவும் அது சரியாகப் பட்டது.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 'இல்லை' என்று வரும் பதில்தான் எல்லோருக்கும் வசதி. கீழே எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம், நடுவில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் படிக்கும் சிரமம் மிச்சம், மேலே படிக்கிறவருக்குத் துணைக்கேள்வியின் தொல்லை மிச்சம். அதனால் அந்தச் சொல் எங்கும் நிற்காமல் நேராக உன்னிடம் வந்துவிடும். எண்ணோடு வரும் பதிலைத்தான் எல்லோரும் நிறுத்தி நிறுத்தி விசாரிப்பார்கள். நீ 'இல்லை'யை நிறுத்தி விசாரி. யார் எண்ணினார்கள், எதை வைத்து எண்ணினார்கள், எந்தப் புத்தகத்தில் பெயர் இருந்தால் அவனை விட்டுவிட்டார்கள் என்று திருப்பிக் கேள். அந்த மூலையில் ஒரு கிளார்க் உட்கார்ந்திருப்பான். கெட்டவனாக இருக்க மாட்டான். அவனைப் போன்றவர்களை ஒருவர் திருப்பிக் கேட்டால், பாதிப் பேராவது இரண்டாவது முறை உண்மையை எழுதிவிடுவார்கள். என்னை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இதை என் குற்றத்துக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்ற வாக்கியத்தை நான் எவ்வளவு ஏசியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். நழுவுகிறவர்களின் வாக்கியம் என்பேன். இன்று அதையே எழுதச் சொல்கிறேன். அது எழுதப்பட்டால் கேள்வி உயிரோடு இருக்கிறது. யாரோ ஒருவர் பிறகாவது திரட்ட வேண்டியிருக்கும். உன் பதில் அடுத்த வாரம்தான் அவைக்குப் போகிறது என்று சொன்னாய். உன் மேலதிகாரி முகம் சுளிப்பார். புதிதாக வந்த பெண்ணுக்கு எதற்கு இது என்பார்கள். நீயும் இன்னும் நிரந்தரமாகவில்லை. எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். நான் செய்யாததை உன்னைச் செய்யச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதும் தெரியும்.

இதுவரை எழுதியதை உனக்கு அனுப்புவதற்கு முன் இன்னொருவர் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இன்று மத்தியானம் லீவு போட்டுவிட்டு மாரிமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். "வா தம்பி. மக போன் பண்ணிச்சா?" என்றார். உட்காராமல் நின்றபடியே முதல் வரியிலிருந்து வாசித்தேன். செக்ரோல் வந்த இடத்தில் கத்தி தீட்டும் சத்தம் நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசித்து முடித்தேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து உள்ளே போய், பெட்டி மூடியிலிருந்து அந்தத் தாளைக் கிழியாமல் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தார். "பேனா இருக்கா?" என்றார். இருந்தது. "எழுது."

"எத்தனை பேருன்னு எழுதணும்ணே?"

"எண்ணிக்க வேணாம். பேரச் சொல்றேன், எழுது." முதல் லயத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு வீடுகூட விடவில்லை. சிலர் இப்போது உயிரோடு இல்லை, சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. 'இல்லை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினேன், பிறகு மேலே எழுதினேன். கடைசியில் தன் பெயரையும் மனைவியின் பெயரையும் சொன்னார். பேனாவை மூடப் போனேன்.

"செல்வி" என்றார்.

"அண்ணே, இது வேலைக்குப் பேர் கொடுத்தவங்க பட்டியல்..."

"எழுது."

எழுதினேன். என் கையெழுத்து இப்போது அவ்வளவு அழகாக இல்லை. அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் சேகரின் பெயரைத் தானே பெரிய எழுத்தில் எழுதினார். "இது புதுக் கேள்விக்கு. மகளுக்கு அனுப்பு. ஒன்ன நான் என்னா செய்யிறதுன்னு எனக்கு இப்ப சொல்ல ஏலாது. நீ போ" என்றார். டீ குடித்துவிட்டுப் போ என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் இன்றுதான் சொல்லவில்லை.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். முன்பக்கத்துக்கு இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பின்பக்கம் இன்னும் அவைக்குப் போகவில்லை.

அப்பா